ஆமையின் இடது சக்கரம்

மாமி,

நேற்று உப்பளச் சாலையில் ஒரு லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அதனடியில் ஒருவர் மல்லாந்து படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்டோ அவருக்குப் பக்கத்தில்தான் நெரிசலில் மாட்டி நின்றது. உப்புக் காற்றோடு கலந்து அந்தக் கிரீஸ் வாடை முகத்தில் வந்து அடித்ததும் எனக்கு எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. லாரிக்காரர் மேல் இல்லை. உங்கள் மேல். நீங்கள் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. உங்கள் கல்லறையில் பதித்த எழுத்தே மங்கிவிட்டது. எனக்கு மட்டும் அந்தக் கார் ஷெட்டும், நீங்கள் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த விதமும், அந்த மௌனமும் இன்னும் மங்கவில்லை. ஆட்டோ கிளம்பிய பிறகும் மனதுக்குள் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன்.

உங்கள் வீட்டுக்கு நான் வாழ வந்தது எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் பகலெல்லாம் ஊரை அதிரவைத்துக்கொண்டிருந்த காலம். என் அப்பா ஆறுமுகநேரியில் உப்பு லாரி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் லாரி ஷெட்டில்தான் இருப்பேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பிறகு ஸ்பேனர் பிடித்து, அப்புறம் உப்புப் பாத்தி வரப்புகளுக்கு நடுவே வண்டி ஓட்டியும் பழகிவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்று அப்பா, "பிள்ளைக்கு நல்லா கார் ஓட்டத் தெரியும்" என்று, மற்றவர்கள் பாடத் தெரியும் என்று சொல்வதைப்போலப் பெருமையாகச் சொன்னார். நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள்.

"காரு ஓட்டுவா, சரி. குசினிப் பக்கம் போவாளா?"

மாமா மட்டும் சிரித்தார். "நமக்கு ஒரு டிரைவர் வாரா, விடு" என்றார். நெஞ்சுவலி கண்டதிலிருந்து டாக்டர் அவரை வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

மாமா தண்டலாக இருந்தவர். கொழும்புக்கும் மலையாளக் கரைக்கும் தோணி நடத்தியவர். கடலை விட்டு ஏறியதும், ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மேனேஜர் ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். முதுகு வளைந்த சின்ன இங்கிலீஷ் கார். பாசி நிறம். தெருப் பிள்ளைகள் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் மாமாவே "ஆமைய எடு, கோயிலுக்குப் போவோம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். கல்யாணம் முடிந்த கையோடு உங்கள் மகன் கப்பலுக்குப் போய்விட்டார். இன்ஜின் ரூம் வேலை. வீட்டில் மாமா, நீங்கள், நான். ஞாயிறு பூசைக்கு நான் ஓட்டுவேன், மாமா பக்கத்தில் உட்கார்ந்து தெருவில் போகிற எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டு வருவார். பின்சீட்டில் நீங்கள் செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஓட்டுவதில் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அந்த மத்தியானத்தைப் பற்றி நாம் இருவரும் ஒருமுறைகூட முழுதாகப் பேசிக்கொண்டதில்லை. சாப்பிட்டு எழுந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். அவர் தலை உங்கள் மடியில். நான் எடுத்தேன். வேகமாகத்தான் எடுத்தேன், ஆனால் கட்டுக்குள் வைத்துத்தான் ஓட்டினேன். ரயில்வே கேட்டைத் தாண்டி வளைவில் திரும்பும்போது முன்பக்கம் இடதுபுறம் தடாரென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கையில் வெறுமனே சுற்றியது. வண்டியின் மூக்கு தரையில் இடித்து, தார்ச் சாலையைக் கீறிக்கொண்டே போய் ஓரத்து மணலில் நின்றது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரம் வண்டிக்கடியில் கால் மடங்கிய மாடு மாதிரி மடிந்து கிடந்தது.

நான் நடுரோட்டில் நின்று வருகிற வண்டிகளையெல்லாம் கை காட்டினேன். கடைசியில் மீனுக்கு ஐஸ் ஏற்றிப்போன ஒரு வேன் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமா இல்லை. "முன்னாலேயே கொண்டு வந்திருந்தாலும் கஷ்டம்தான்" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அது ஊரின் காதில் விழவில்லை. ஊர் பேசியது வேறு. மருமகள் காரைக் கொண்டுபோய் மணலில் இடித்துவிட்டாள். புதுப்பெண் வந்த ராசி.

அடக்கத்தன்று மாமாவின் அக்காள்தான் முதலில் வாயைத் திறந்தார். வீட்டில் எல்லோரும் பெரிய அத்தை என்று அழைத்தவர். சங்கு வியாபாரி வீட்டம்மா. அவர் பேச்சுக்கு அந்தத் தெருவில் மறுபேச்சுக் கிடையாது.

"என் தம்பிய கொண்டு போயி வழியில தள்ளிட்டாளே! பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்டேரிங்கு?"

நீங்கள் அவர் பக்கத்திலேயே இருந்தீர்கள், மாமி. தலையை நிமிர்த்தவில்லை. கையில் செபமாலையின் ஒரு மணி நகர்ந்தது, அடுத்த மணி நகர்ந்தது. வண்டி எப்படி மடிந்தது என்று உங்களுக்குத் தெரியும், அதற்குள்தான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டீர்கள். வண்டியை யாரோ லாரியில் கட்டி இழுத்து வந்து அங்கே விட்டிருந்தார்கள். ஒருபக்கம் சரிந்து, பாதி மூழ்கிய தோணி மாதிரி கிடந்தது.

"ஏளா, இதக் கழட்டு."

"நானா? மெக்கானிக்க கூப்பிடலாமே மாமி."

"வெளி ஆளு ஒருத்தனும் இதத் தொடக்கூடாது. ஒனக்குத் தெரியும்லா? கழட்டு. சரி பண்ணு."

"எதுக்கு? வித்துப்போடலாம்னு கப்பல்லருந்து அவிய கூட எழுதியிருக்காவ."

"மாமா வண்டி. நின்ன இடத்துல துருப்பிடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு முக்காலியை இழுத்து ஷெட் வாசலில் போட்டுக்கொண்டீர்கள்.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். என் தப்பை என் கையாலேயே பிரித்துப் பார்க்கச் சொல்கிறீர்கள்.

அந்த வேலையை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கடற்கரை ஊரில் இரும்பு போல்ட்டு என்பது பேருக்குத்தான். நாலு வருடம் போனால் அது ஒட்டிய பாறை. மண்ணெண்ணெயை ஊற்றி ஊறப்போடுவேன், மறுநாள் ஸ்பேனரை மாட்டி முழு உடம்பையும் கொடுத்து இழுப்பேன், போல்ட்டின் மூலைகள்தான் மழுங்கும். சுத்தியலால் தட்டினால் சத்தம் மட்டும் தெரு முழுக்கக் கேட்கும். "செத்த வீட்டுல என்ன கொட்டு?" என்று யாராவது எட்டிப் பார்த்தால் நீங்கள் ஒரு பார்வை பார்ப்பீர்கள், தலை மறைந்துவிடும். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, அதில் மண்ணெண்ணெய் பட்டு எரியும். குசினியில் மிளகாய் அரைக்கவும் அந்தக் கைதான்.

ஆமையில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஓடும் ஒரு முறுக்குக் கம்பிதான் பாரத்தைத் தாங்கும். அது முறுக்கில் இருக்கும்போது அவசரப்பட்டுக் கழற்றினால் கையைப் பெயர்த்துவிடும். அப்பா அனுப்பிய ஜாக்கியையும் பனங்கட்டைகளையும் முட்டுக் கொடுத்து, பயந்து பயந்து இறக்கினேன். சக்கரத்தைத் தாங்குகிற கிங் பின் என்கிற முளைக்கு மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு. கீழ் மூட்டுதான் விட்டுப்போயிருந்தது. மேல் மூட்டு அசையவே இல்லை. எத்தனை நாள் அதோடு மல்லுக்கட்டினேன் என்று நினைவில்லை. ஒருநாள் இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகித் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"நீ அத இறுக்குதியா, கழட்டுதியா?" என்று முக்காலியிலிருந்து கேட்டீர்கள்.

"ஒங்களுக்கு என்ன தெரியும்னு பேசுதிய?" என்று ஸ்பேனரை விட்டெறிந்தேன். அது தகரக் கதவில் மோதி விழுந்தது. நீங்கள் அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, என்னிடம் நீட்டினீர்கள். கோபத்தில், வேண்டுமென்றே, மறுபக்கம் திருப்பினேன். மூட்டு கிறீச்சிட்டு நகர்ந்தது. இடதுபக்கச் சக்கரத்துக்கு இடமரை வைத்திருக்கிறார்கள். எல்லா மரையும் திரும்புகிற திசைக்கு எதிர்த்திசை. அத்தனை நாளும் நான் அதை இறுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். நீங்கள் ஏதோ குத்தலாகக் கேட்டது சரியாகப் போய்விட்டது. உங்கள் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பிறகு கீழ் மூட்டைக் கழற்றிக் கையில் எடுத்தேன். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற இரும்பு. நடுவில் துளை. அந்தத் துளைக்குள் மரை இருக்க வேண்டும். விரலை விட்டால் மொழுமொழுவென்று இருந்தது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடி மாதிரி துருத்தூள். சக்கரம் இத்தனை நாளும் ஒரு நூலில் தொங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. வளைவில் அந்த நூல் அறுந்திருக்கிறது. ஓடிவந்து உங்களிடம் நீட்டினேன்.

"மாமி, பாருங்க! இது தேஞ்சு போய்க் கிடந்திருக்கு. நான் எங்கயும் இடிக்கல. நான் இல்ல மாமி!"

நீங்கள் வாங்கினீர்கள். சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்து, நுனியில் ஒட்டிய சிவப்புத் தூளைப் பார்த்தீர்கள். இடுப்பில் செருகியிருந்த லேஞ்சித் துணியில் சுற்றினீர்கள். வீட்டுக்குள் போய், மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்து, திரையை இழுத்துவிட்டீர்கள். குசினிக்குப் போய் உலை வைத்தீர்கள். நான் கிரீஸ் கையோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பல மாதங்கள். மாமி, நான் எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் என்னைக் கண்டு பேச்சை நிறுத்துவார்கள். அப்போது நீங்கள் என் தோளில் ஒரு கையை வைத்திருந்தால் போதும். நீங்கள் முன்னால் நடந்துகொண்டே இருந்தீர்கள்.

புது மூட்டுகள் வேண்டுமென்று உங்கள் மகனுக்குப் படம் போட்டு எழுதினேன். இடதுபக்கத்துக்கு ஒன்று, வலதுபக்கத்துக்கு ஒன்று, இரண்டும் வேறு வேறு, மறந்துவிடாதீர்கள் என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். அவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் தேடிப்பிடித்து, ஊருக்கு வந்த கப்பல் சிநேகிதரிடம் கொடுத்தனுப்பினார். மாதக்கணக்காகக் காத்திருந்து வந்த பொட்டலத்தை ஷெட்டிலேயே உட்கார்ந்து பிரித்தேன். ரப்பர் புஷ்கள் சரி. கிங் பின் இரண்டு, மூட்டு இரண்டு, புத்தம் புதுசு, எண்ணெய் மினுங்க இருந்தன. எல்லாம் வலதுபக்கம். "ரெண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரன் சொன்னான்" என்று ஒரு துண்டுச் சீட்டு வேறு. உங்கள் மகன் இன்ஜினியர். நான் அந்த இரும்புகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

"என்னளா, சரியா வந்திருக்கா?" என்றீர்கள் வாசலிலிருந்து.

"ஒங்க பிள்ள அனுப்புனதுல்லா. எப்படிச் சரியா வரும்?" என்றேன்.

லேத் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். வலதுபக்கத்து மூட்டைக் காட்டி, இதே அச்சில் இடமரை வெட்டித் தாருங்கள் என்றேன். "கண்ணாடியில பாத்து வெட்டச் சொல்லுதியளாம்மா? பழைய சாமான் எங்க? அது இல்லாம நான் கைய வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் குசினியில் அந்தச் சண்டை. நீங்கள் அரிவாள்மனையில் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தீர்கள்.

"மாமி, அந்த இரும்பத் தாங்க. லேத்துல கேக்காவ."

"அது அங்கன இருக்கட்டும். வேற எதையாவது கொண்டு போ."

"வேற எத? அதுதான் மாதிரி."

"தர முடியாதுளா."

எனக்குள் அத்தனை மாதமாக அடைத்துக்கிடந்தது உடைந்தது. "ஊரே என்னக் கொலகாரிங்கு. அந்த இரும்ப வெளிய கொண்டு போனா நாலு பேருக்காவது உண்ம தெரியும். தெரியக் கூடாதுன்னுதான சுரூபத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கிய? நான் கெட்ட பேரோட கிடக்கணும், அதான?"

நீங்கள் மீனைக் கீழே வைத்தீர்கள். என்னைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துப் பேசினீர்கள்.

"சனிக்கிழம ஆச்சுன்னா மாமா சாக்க விரிச்சு வண்டிக்கு அடியில கிடப்பாவ. கிரீஸ் அடிக்க. நீ வாரதுக்கு முந்தி. நெஞ்சு வலின்னு தெரிஞ்ச பெறவு நாந்தான் விடல. 'எந்திச்சு வாங்க, ஒரு வாரம் எண்ணெ போடலன்னா வண்டி செத்தா போகும்'னு ஏசுனேன். கேக்க மாட்டாவன்னு சாக்க ஒளிச்சேன். அந்த கிரீஸ் அமுக்குத துப்பாக்கியையும் மச்சுல கொண்டு போட்டேன். ஒரு வாரமா, ரெண்டு வாரமா? ரெண்டு வருசம். அந்த இரும்புல எம்பேரு எழுதியிருக்குளா."

இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, பிறகு. முதலில் கோபம்தான் வந்தது.

"அப்ப ஒங்களுக்கு முதல்லயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் என்ன ஏச விட்டியளா?"

"ஆமா."

ஒரே வார்த்தை. சாக்குச் சொல்லவில்லை. பிறகு, "அன்னைக்கு சக்கரம் மடங்குன உடனே நெஞ்சுல பட்டுச்சு. இருக்காது இருக்காதுன்னு ஒன்னக் கழட்டச் சொன்னேன். நீ கொண்டு வந்து கையில வச்ச. நாப்பது வருசம் அவிய கூடப் பொழச்சவ, என் கையாலதான் போனாவன்னு எப்படிளா வாயத் தொறந்து சொல்ல?" என்றீர்கள்.

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முன்னாலேயே போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று. "டாக்டரு எல்லாருக்கும் அதத்தான் சொல்லுவாவ" என்று மறுபடி மீனை எடுத்தீர்கள். அன்று நான் சாப்பிடவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்தவர், சேலையைக்கூட மாற்றாமல் சுரூபத்துக்குப் பின்னாலிருந்து லேஞ்சி முடிச்சை எடுத்தீர்கள். "வா" என்றீர்கள். எங்கே என்று சொல்லவில்லை. வெயில் ஏறுகிற தெருவில் உங்கள் பின்னால் நடந்தேன். பெரிய அத்தை வீட்டு முற்றத்தில் சங்கு கொட்டிக் கிடந்தது. அந்த வாடைக்கு நடுவே நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வழக்கம்போலப் பேச்சு நின்றது.

நீங்கள் நேராக உள்ளே போய் மேசைமேல் முடிச்சை அவிழ்த்தீர்கள். துருத்தூள் வெள்ளை விரிப்பில் சிந்தியது.

"மதினி, இது ஒங்க தம்பி வண்டியில இடது சக்கரத்துல கெடந்த சாமான். உள்ள விரல விட்டுப் பாருங்க."

"காலங்காத்தால இது என்னது?"

"விட்டுப் பாருங்க. மரை இருக்கா?"

பெரிய அத்தை விரலை விட்டுப் பார்த்தார். வெளியே இருந்த பெண்கள் எழுந்து கதவோரம் வந்துவிட்டார்கள்.

"ஒண்ணும் இல்லல்லா? ஓட்டுதவ இத ஒரு நாள்ல தேய்க்க முடியாது. எண்ணெ இல்லாம வருசக்கணக்கா தேஞ்சிருக்கு. எண்ணெ போடப் போன மனுசன போடவிடாம ஒளிச்சு வச்சது நான். இவ இல்ல. இனி யாருக்காவது ஏசணும்னு இருந்தா என் வாசலுக்கு வந்து என் பேரச் சொல்லி ஏசுங்க. இவளுக்குன்னு தனியா ஒரு வாசல் கிடையாது."

பெரிய அத்தை முதலில் என்னைப் பார்த்தார், பிறகு உங்களை. குரல் இறங்கி, "ஏளா, நீ அவன் நெஞ்சுக்காவத்தான தடுத்த?" என்று உங்கள் கையைப் பிடிக்க வந்தார்.

"தடுத்தேன்லா" என்று மட்டும் சொல்லி, கையை எடுத்துக்கொண்டு, இரும்பை மறுபடி முடிந்துகொண்டீர்கள். ஆறுதலை நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

தெருமுனை வந்ததும் முடிச்சை என் கையில் வைத்தீர்கள். "இந்தா. லேத்துக்குக் கொண்டு போ." அவ்வளவுதான். ஊருக்கு முன்னால் அத்தனை பேசியவர், எனக்கு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. 'என்ன மன்னிச்சிரு' என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே உங்கள் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தீர்கள்.

பழசைக் கொடுத்த பிறகாவது வேலை முடிந்ததா? அண்ணாச்சியின் வாயில் 'நாளைக்கு' என்பதைத் தவிர வேறு சொல் வராது. துறைமுகத்துக் கல் லாரிகளின் சாமான்கள் பட்டறையில் மலைபோலக் குவிந்து கிடந்தன. என் மூட்டு அதற்கடியில் எங்கோ. நான் போய்ப் போய்க் கால் தேய்ந்து, கடைசியில் ஒருநாள் உங்களிடம் சலித்துக்கொண்டேன். மறுநாள் நீங்களே போய்ப் பட்டறைக்குள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகச் செபமாலை சொல்லத் தொடங்கினீர்களாம். சாயங்காலம் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"ஒங்க மாமிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. அவிய இங்கன இருந்து முணுமுணுத்தா எனக்கு யாரோ செத்துப்போன மாதிரி இருக்கு. கை ஓடல. நாளைக்குச் சத்தியமாத் தாரேன்."

அந்த 'நாளைக்கு' மட்டும் உண்மையாக இருந்தது. குறை சொல்லக்கூடாது, மரை அருமையாக ஏறியது.

மாட்டினேன். ஒவ்வொரு புஷ்ஷாக, ஒவ்வொரு போல்ட்டாக. வலதுபக்கத்துக்கு உங்கள் மகன் அனுப்பியது, இடதுபக்கத்துக்குப் பட்டறையில் வெட்டியது. கட்டைகளை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினால், இடதுபக்கம் நாலு விரல்கடை தாழ்ந்து நின்றது.

"ஆமை நொண்டுதேளா" என்றீர்கள்.

முறுக்குக் கம்பியின் பல் ஒன்று தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் மாட்டிய எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். நான் சக்கரத்தோடு சாய்ந்து உட்கார்ந்து ஓங்கி அழுதேன். மாமாவுக்காக அழாத அழுகையும் அதில் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். நீங்கள் தட்டிக்கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அழுது முடிச்சிட்டு வா. நான் ஜாக்கிய ஏத்துதேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டீர்கள்.

இரண்டாவது தடவை நீங்கள் முக்காலியில் உட்காரவில்லை. என்னோடு கூடவே குனிந்து, பிடி என்றால் பிடித்து, விடு என்றால் விட்டீர்கள். ஆமை நேராக நின்றதும் வீட்டுக்குள் போய், மச்சில் ஏறி இறங்கி வந்தீர்கள். கையில் ஒரு சாக்கும் கிரீஸ் கன்னும். சாக்கை விரித்து, அந்த வயதில், வண்டிக்கடியில் படுத்தீர்கள். நான் பக்கத்தில் படுத்து, கன்னின் வாயைக் கிரீஸ் ஏறுகிற நிப்பிளில் பொருத்தினேன்.

"இங்கன அமுக்குங்க மாமி."

அமுக்கினீர்கள். மூட்டின் ஓரமெல்லாம் புதுக் கிரீஸ் மஞ்சளாகப் பிதுங்கி வழிந்தது.

"போதும் மாமி. நிறைஞ்சிருச்சு."

"இன்னும் கொஞ்சம்."

வழிந்து உங்கள் மணிக்கட்டில், சேலையில், சாக்கில் சொட்டியது. நீங்கள் அமுக்கிக்கொண்டே இருந்தீர்கள். நான் தடுக்கவில்லை.

முதல் ஓட்டத்துக்கு நீங்கள் பின்சீட்டில்தான் ஏறினீர்கள். "ஆஸ்பத்திரிக்கு விடு" என்றீர்கள். கேட்டைத் தாண்டி அந்த வளைவு வந்ததும் கியரை இறக்கினேன். சக்கரம் திரும்பியது, நின்றது, ஓடியது. ஸ்டியரிங் மட்டும் இலேசாக இடதுபக்கம் இழுத்தது; விற்கிற நாள் வரை என்னால் அந்த இழுப்பைச் சரிசெய்ய முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். நீங்கள் இறங்கவில்லை. உங்கள் பக்கத்தில், அன்று மாமா கிடந்த வெறும் இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வந்திட்டமா?"

"வந்திட்டோம் மாமி."

"இவ்ளோ பக்கமாளா?"

பிறகு, "சரி, திருப்பு" என்றீர்கள்.

அதற்கப்புறம் பல வருடம் ஒரே வீட்டில், ஒரே குசினியில் இருந்தோம். சண்டை போட்டோம், சேர்ந்து சிரித்தோம், என் பிள்ளைகளை நீங்கள்தான் வளர்த்தீர்கள். கடைசிப் படுக்கையில் உங்களுக்குத் தலைவாரிவிட்டது நான்தான். அந்த மாதங்களைப் பற்றி என்னிடம் ஏதாவது சொல்வீர்கள் என்று கடைசி வரை காத்திருந்தேன். என்னைத் தெருவில் தனியாக நடக்கவிட்ட அந்த மாதங்களுக்கு எனக்கு ஒரு பதில் வரவேண்டியிருந்தது. வரவில்லை. உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் கோபம் போகவில்லை, மாமி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

போன மழைக்காலத்தில் என் மருமகள் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் என் மகன் உட்கார்ந்து வந்தபோது துறைமுகச் சாலையில் சறுக்கி விழுந்துவிட்டார்கள். அவனுக்குக் கால் எலும்பு முறிந்தது. அவளுக்குச் சிராய்ப்பு மட்டும். நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவன் பக்கத்து, இவள் பக்கத்து உறவெல்லாம் வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. அவள் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "இவ மேல ஒரு தப்பும் இல்ல. யாரும் இவள ஒரு வார்த்த சொல்லக் கூடாது" என்றேன்.

யாரும் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"மாமி," என்றாள் அவள் மெதுவாக, "நாந்தான் வேகமா வந்தேன்."

"வந்தா வந்துட்டுப் போற. அத வீட்டுல வச்சு நான் ஏசிக்கிடுதேன். இங்கன வாயத் தொறக்காத."

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது இந்த அவசரம்தான், மாமி. பெரிய அத்தை வீட்டு மேசையில் நீங்கள் பேசிய பேச்சை, நான் அத்தனை மாதம் காக்கவைக்காமல் முதல் நிமிடத்திலேயே பேசிவிடுகிறேன்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, சோறு போட்டு, சிராய்ப்புக்கு மருந்து வைத்தேன். அப்புறம் சொன்னபடி ஏசினேன். நன்றாகவே ஏசினேன்.